இடுப்புக்குக் கீழே முடி, பின்னிவிட ஆளில்லை: தனக்குத் தானே சடை பின்னுவது எப்படி?

திட்டக்குடியிலிருந்து புதுச்சேரிக்கு வேலைக்கு வந்து விடுதியில் தங்கியிருப்பதாகச் சொல்லியிருக்கிறீர்கள். முடி இடுப்புக்குக் கீழே ஒரு சாண். 22 வயதுவரை அம்மாதான் பின்னிவிட்டிருக்கிறார். இப்போது நீங்களே பின்னினால் தோள் கடுக்கிறது, சடை ஒரு பக்கமாகக் கோணிக்கொள்கிறது, சாயங்காலம் பஸ் ஏறுவதற்குள் தளர்ந்துவிடுகிறது. பேசாமல் வெட்டிவிடலாமா என்கிறீர்கள். அடுத்த மாதம் திருவந்திபுரத்தில் தோழிக்குக் கல்யாணம், அதற்குப் பூ வைத்துக்கொள்ளவும் வழி கேட்டிருக்கிறீர்கள்.

வெட்ட வேண்டாம்மா. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர்தான் வளரும். உங்கள் சடை நுனியில் இருக்கிற முடி ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், நீங்கள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோது முளைத்தது. குட்டையாக இருந்தால் பிடிக்கும் என்று வெட்டினால் அது உங்கள் விருப்பம். பின்னத் தெரியவில்லை என்பதற்காக வெட்டுவதென்றால் எனக்கு மனசு கேட்கவில்லை. பின்னுவது பதினைந்து நாளில் கைக்கு வந்துவிடும்.

நான் கடலூர் மஞ்சக்குப்பத்துக்காரி. எனக்கு 11 வயதாக இருந்தபோது அம்மா வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டு போட்டார்கள். இரட்டைச் சடை பின்னி, மடித்து, ரிப்பன் கட்டாமல் பள்ளிக்கூடத்துக்குள் நுழைய முடியாத காலம் அது. வீட்டில் மிச்சம் இருந்தது ஆயாதான், என் பாட்டி. ஆயாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆனாலும் தன் தலையைத் தானே வாரி, மயிர் பிசகாமல் பின்னிச் சுற்றிக் கொண்டை போட்டுக்கொள்வார். அவர் என் அம்மாவின் பழைய புடவையிலிருந்து மூன்று துண்டு கிழித்தார். மூன்றையும் ஜன்னல் கம்பியில் என் கழுத்து உயரத்துக்கு முடிந்தார். என்னை ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, கையைப் பின்னால் விட்டு அந்தத் துணியைப் பின்னச் சொன்னார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். "கண்ணுக்கு இங்க வேல இல்லடி, விரலப் பாரு" என்றார். மூன்றாம் நாள் துணிச் சடை நேராக வந்தது. ஒரு வாரத்தில் என் சடையும் வந்தது. இன்றைக்கு என் முடி முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கிறது. கல்யாணப் பெண்களுக்குப் பூச்சடை தைத்துக் கட்டிவிடவும் போகிறேன். ஆனால் அன்றிலிருந்து இன்றுவரை என் தலைக்கு இன்னொருவர் கை பட்டதில்லை.

ஆயா சொன்னதிலிருந்துதான் தொடங்க வேண்டும். நீங்கள் இரண்டு கண்ணாடி வைத்துக்கொண்டு பின்னிப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். கோணலுக்குப் பாதிக் காரணம் அதுதான். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று கண்ணாடி வைத்துப் பார்க்கும்போது கை எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று மூளை குழம்பும். கழுத்தும் கண்ணாடியைத் தேடித் திரும்பும். தலை திரும்பினால் முடியும் திரும்பும், சடையும் அந்தப் பக்கமே போகும். வகிடு எடுப்பதற்கு மட்டும் கண்ணாடி போதும். அப்புறம் அதற்கு முதுகைக் காட்டி நில்லுங்கள்.

முதலில் சிக்கு. நீளமான முடியில் சிக்கை உச்சியிலிருந்து கீழே வாரினால் மேலே இருக்கும் சிக்கெல்லாம் கீழே இறங்கிச் சேர்ந்து ஒரே முடிச்சாகும். நுனியில் ஒரு சாண் முதலில், அதற்கு மேலே ஒரு சாண், அப்புறம் அதற்கும் மேலே என்று ஏறிக்கொண்டே போக வேண்டும். பெரிய பல் வைத்த சீப்பு, மரச்சீப்பாக இருந்தால் நல்லது. சீப்பு இழுக்கும் இடத்துக்கு மேலே மற்றக் கையால் முடியை இறுகப் பிடித்துக்கொண்டால் வேருக்கு இழுப்பு போகாது. சீப்பில் வருகிற முடியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடி இருக்கிறது. தினம் 50 முதல் 100 வரை உதிர்வது இயல்பு. உங்கள் முடி நீளம் என்பதால் பத்து முடி உதிர்ந்தாலே பெரிய உருண்டையாகத் தெரியும்.

இனிப் பின்னல். முடியை மூன்றாகப் பிரிக்கும்போது ஒவ்வொன்றையும் கால் என்போம். மூன்று காலும் ஒரே கனமாக இருக்க வேண்டும். கண்ணால் பார்க்க முடியாது என்பதால் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி ஒவ்வொரு காலையும் அதற்குள் பிடித்துப் பாருங்கள். எது வளையத்தை நிறைக்கிறதோ அதிலிருந்து கொஞ்சம் எடுத்து மெலிந்ததில் சேர்த்துவிடுங்கள். இதற்கு அரை நிமிஷம் செலவழித்தால் பின்னால் கோணலோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

கையில் எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் கவனமாகப் படியுங்கள். இடது கையில் இரண்டு கால்: இடது ஓரத்துக் காலும் நடுக்காலும். வலது கையில் ஒரே கால், வலது ஓரத்தது. ஒற்றைக் கால் பிடித்திருக்கும் கைதான் நகர வேண்டும். வலது கை தன் காலைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிடித்தபடி நடுக்காலின் மேலாகக் கொண்டுபோகும். போன இடத்தில், சும்மா இருக்கிற நடுவிரல் கீழிருந்து அந்தப் பழைய நடுக்காலைக் கொக்கி போல மாட்டி வலது பக்கம் இழுத்துக்கொண்டு வரும். இப்போது வலது கையில் இரண்டு கால், இடது கையில் ஒன்று. அடுத்து இடது கையின் முறை. அதுவும் ஒன்றோடு போய் இரண்டோடு திரும்பும். ஒன்றோடு போ, இரண்டோடு வா: துணியைப் பின்னும்போது நான் இதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே பின்னியது ஞாபகம் இருக்கிறது. எந்தக் கையில் ஒரே கால் இருக்கிறது என்று விரலுக்குத் தெரியும். அடுத்து எது என்று யோசிக்கவே வேண்டாம். பாதியில் யாராவது கூப்பிட்டு நிறுத்தினாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

ஒவ்வொரு முறை மாற்றியதும் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து ஒரு இழுப்பு கொடுங்கள். கீழ்நோக்கி இழுக்காதீர்கள். பக்கவாட்டில் இழுத்தால் பின்னல் மேலே ஏறி முந்தைய பின்னலோடு போய் ஒட்டிக்கொள்ளும். கீழே இழுத்தால் தலைத்தோல்தான் வலிக்கும், பின்னல் இறுகாது.

நீளமான முடிக்கென்றே ஒரு தொல்லை இருக்கிறது. தோள்வரை முடி உள்ளவர்களுக்கு இது தெரியவே தெரியாது. நீங்கள் மேலே பின்னப் பின்ன, கீழே தொங்கும் மூன்று வாலும் தங்களுக்குள் தலைகீழாகப் பின்னிக்கொண்டே வரும். பத்து மாற்று மாற்றுவதற்குள் கீழே ஒரு முறுக்கு விழுந்து, அதற்கு மேல் விரல் நுழையாது. கயிறு திரிக்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். ஆகவே நாலைந்து மாற்றுக்கு ஒரு தரம் நிறுத்துங்கள். பின்னின இடத்தை ஒரு கையின் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றக் கை விரல்களைக் கால்களுக்கு நடுவில் விட்டு நுனிவரை உருவி விடுங்கள். மூன்று வாலும் தனித்தனியாகத் தொங்க வேண்டும். பலருக்கு இடுப்புக்குக் கீழே சடை சொரசொரப்பாக வருவதற்கும், அவிழ்க்கும்போது முடி பிய்வதற்கும் இந்த ஒன்றைச் செய்யாததுதான் காரணம். துணியில் பழகும்போதும் நீளமான துணியாகவே எடுத்துக்கொள்ளுங்கள், அப்போதுதான் இந்தப் பழக்கமும் கூடவே வரும்.

பின்னிக்கொண்டே வந்தால் தோள்பட்டை எலும்புக்கு நடுவில் ஒரு இடத்தில் கை மேற்கொண்டு போகாது. அங்கேதான் சடையை முன்னால் எடுத்துப் போட்டு மிச்சத்தைப் பின்ன வேண்டும். உங்கள் சடை "பாதியில் முறுக்கிக்கொண்டு வேறு மாதிரி தெரிகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அது இந்தத் திருப்பத்தில் நடப்பது. முன்னால் எடுக்கும்போது சடை அரைச் சுற்று திரும்பிவிடும். நீங்கள் அதன் முதுகுப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு மேலாக மேலாகப் பின்னுவீர்கள். அது முகப்பில் கீழாகக் கீழாகப் பின்னினதாக வந்து நிற்கும். தவிர்ப்பது சுலபம். எடுப்பதற்கு முன் கடைசி மாற்றின் மேல் ஒரு கிளிப்பை மாட்டுங்கள். முன்னால் எடுத்துப் போட்டதும் பாருங்கள்: கடைசியாக நடுவுக்கு வந்த கால் மற்ற இரண்டுக்கும் மேலே படுத்திருக்கிறதா? இருந்தால் நீங்கள் பார்ப்பது முகப்பு, தொடர்ந்து பின்னலாம். அது அடியில் போய் ஒளிந்திருந்தால் சடையை அரைச் சுற்று திருப்பிவிட்டுத் தொடருங்கள். கூடுமானவரை பின்பக்கமே அதிகம் பின்னிவிட்டு, வேறு வழியில்லாதபோது முன்னால் எடுங்கள். கழுத்துக்குக் கீழே இரண்டு விரற்கடையிலேயே முன்னால் இழுத்தால் சடை அந்தத் தோளுக்கே பழகிக்கொள்ளும். ஒரு நாள் வலது தோள், மறுநாள் இடது தோள் என்று மாற்றி எடுப்பது என் வழக்கம்.

கோணலுக்கு ஆயா காட்டிய அடையாளம் ஒன்று உண்டு. தலையைக் கொஞ்சம் குனிந்தால் கழுத்து முடியும் இடத்தில் முதுகெலும்பின் கணு ஒன்று துருத்திக்கொண்டு கைக்குத் தட்டுப்படும். சடையின் நடு அந்தக் கணுவின் மேல் விழ வேண்டும். பின்னும்போது விரல் முட்டிகள் அந்தக் கணுவை உரசிக்கொண்டே இருக்கட்டும். கை விலகினால் உடனே தெரிந்துவிடும். வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குச் சடை வலது பக்கம் போவது சகஜம். அந்தக் கைக்கு இழுப்பு அதிகம். இடது கையால் ஒரு பங்கு கூட இழுத்துச் சரிக்கட்டலாம்.

தோள் கடுப்பு எதனால் என்றால், முழங்கையை இரண்டு பக்கமும் விரித்துத் தூக்கி வைத்துக்கொண்டு பின்னுகிறீர்கள். கை தலைக்கு மேலே நின்றால் யாருக்கும் ஐந்து நிமிஷத்தில் வலிக்கும். சடையைப் பிடரிக்குக் கீழே தொடங்கி, முழங்கையைக் கீழே விட்டு விலாவை ஒட்டியே வைத்துக்கொள்ளுங்கள். மோவாயைக் கொஞ்சம் தாழ்த்துங்கள். இன்னும் ஒன்று. முதலில் பிடரியில் துணி சுற்றிய பேண்டு ஒன்றைப் போட்டு முடியை ஒன்றாகக் கட்டிவிட்டு, அதற்குக் கீழே பின்னுங்கள். அப்போது நடுவில் கிளிப்பை மாட்டிவிட்டுக் கையைத் தொங்கவிட்டு இளைப்பாறலாம், மேலே எதுவும் அவிழாது. கைக்குப் பழகின பிறகு இந்தப் பேண்டு வேண்டாம்.

சாயங்காலத் தளர்ச்சிக்குக் காரணம் ஒன்றுக்கு மேல் இருக்கும். தலைக்குக் குளித்த அன்று முடி வழவழவென்று ஒன்றையொன்று பிடிக்காமல் நழுவும். இரண்டாம் நாள் முடியில் பின்னல் நன்றாக நிற்கும். அன்றே பின்ன வேண்டுமென்றால் உள்ளங்கையில் இரண்டு சொட்டுத் தேங்காயெண்ணெய் தேய்த்து, தலையில் வைக்காமல் மூன்று காலிலும் மட்டும் தடவிக்கொள்ளுங்கள். பிடி கிடைக்கும். நுனியில் பேண்டு போடும் இடமும் முக்கியம். கடைசி மயிர்வரை பின்னிக் கட்டினால் பேண்டு அரை மணியில் நழுவிவிடும். வால் சுண்டுவிரல் கனம் இருக்கும்போதே நிறுத்திக் கட்டுங்கள். சின்னச் சின்ன ரப்பர் வளையம் விற்கிறார்களே, அது முடியை அறுக்கும், வாங்காதீர்கள்.

நம் பக்கத்துக் காற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். திட்டக்குடியில் இல்லாத ஈரப்பதம் இங்கே கடலோரத்தில் உண்டு. முடி ஈரத்தை உறிஞ்சி உப்பிக்கொள்ளும். காலையில் ஒழுங்காக இருந்தது மாலையில் சிலும்பி நிற்கும். தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரைக்கோ புதுச்சேரி பீச் ரோட்டுக்கோ போகும் நாளில் நான் ஒற்றைச் சடையைச் சுற்றிக் கொண்டை போட்டு முந்தானையை மேலே இழுத்துக்கொள்வேன். உப்புக்காற்று பட்ட முடியை அன்றே வெறும் தண்ணீரில் அலசிவிடுவது நல்லது. விடுதியில் போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் தலைக்குச் சோப்பு போடாதீர்கள். சோப்பும் கடினத் தண்ணீரும் சேர்ந்தால் ஒரு மாதிரி பிசுக்கு முடியில் ஒட்டிக்கொள்ளும், சீப்பு இறங்காது. ஷாம்புவோ சீயக்காயோ போதும்.

தளர்கிறதே என்று முன்பக்கத்தை வலித்து இழுத்துப் பின்னிவிடாதீர்கள். இதை நான் வற்புறுத்திச் சொல்கிறேன். எப்போதும் இறுக்கியே வாருகிறவர்களுக்கு நெற்றியோரத்திலும் காதுக்கு மேலேயும் முடி மெல்லப் பின்வாங்கும். மருத்துவர்கள் டிராக்ஷன் அலோபீசியா என்கிறார்கள். ஆரம்பத்திலேயே தளர்த்திவிட்டால் முடி திரும்ப வரும். வருஷக்கணக்கில் விட்டால் வேர் தழும்பாகி அந்த இடம் வெறும் தோலாகவே நின்றுவிடும். பின்னி முடித்ததும் புருவத்தைத் தூக்கிப் பாருங்கள். நெற்றி சுளீர் என்று இழுத்தால் இறுக்கம் அதிகம். ஒரு மணி நேரம் கழித்தும் வலித்தால், வேரில் சிறுசிறு பொரி எழும்பினால், அப்போதே அவிழ்த்துவிடுங்கள். பிடரியிலிருந்து கீழே எவ்வளவு இறுக்கினாலும் குற்றமில்லை. நெற்றியில் ஒரு விரல் நுழையும் அளவு இளக்கம் இருக்கட்டும்.

மூன்றுகால் கைக்கு வந்த பிறகு மற்றப் பின்னல்கள். பழைய நிகண்டுகளில் கூந்தல் முடிக்கும் வகையை ஐந்தாகச் சொல்வார்கள்: முடி, கொண்டை, சுருள், குழல், பனிச்சை. அதனால் கூந்தலுக்கே ஐம்பால் என்று ஒரு பெயர் உண்டு. நமக்கு இன்றைக்கு அதைவிட அதிகமான வகை இருக்கிறது. ஆனால் தானே பின்னிக்கொள்ளத் தோதானது சிலதுதான்.

நாலுகால் பின்னலை நான் மிகவும் விரும்புவேன். தட்டையாக, பட்டையாக, பாய் முடைந்தது போல விழும். பின்பக்கம் கைவிட்டுப் பின்ன முடியாது. முடியை ஒரு பக்கத் தோளுக்குக் கொண்டுவந்து கட்டிவிட்டுப் பின்னுங்கள். எளிய வழி இது: எப்போதும் வலது ஓரத்துக் காலை மட்டுமே எடுக்க வேண்டும். அது பக்கத்துக் காலுக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே, கடைசியதற்கு மேலே போய் இடது ஓரத்தில் உட்காரும். மறுபடி வலது ஓரத்தில் புதிதாக நிற்கும் காலை எடுங்கள். அதுவும் மேலே, கீழே, மேலே. தென்னங்கீற்று முடைவதைப் பார்த்திருந்தால் கை தானாக வரும். ஒரே பக்கத்திலிருந்து போவதால் சடை ஒரு பக்கமாகக் கொஞ்சம் இழுக்கும், இழுக்கிற ஓரத்தை அவ்வப்போது தளர்த்திவிட வேண்டும். ஐந்துகாலுக்கு இரண்டு ஓரத்திலிருந்தும் மாறி மாறி எடுக்க வேண்டும். ஓரக்கால் பக்கத்ததற்கு மேலே, அடுத்ததற்குக் கீழே போய் நடுவில் நிற்கும். அடர்த்தியான முடி உள்ளவர்களுக்கு அது அழகு. முடி மெலிந்தவர்களுக்கு நாலே போதும்.

வேலைக்குப் போகிற நாளுக்கு நான் முறுக்குப் பின்னலைச் சிபாரிசு செய்வேன். இரண்டே கால். இரண்டையும் தனித்தனியாக வலது பக்கமாக முறுக்க வேண்டும். முறுக்கினதை ஒன்றின் மேல் ஒன்றாக இடது பக்கமாகச் சுற்ற வேண்டும். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் படகு கட்டும் கயிறு நிற்பதும் இதே கணக்கில்தான். காலின் முறுக்கு ஒரு திசை, கயிற்றின் முறுக்கு எதிர்த்திசை. ஒன்று அவிழப் பார்த்தால் மற்றது இறுக்கும். இரண்டையும் ஒரே திசையில் சுற்றினால் கையை எடுத்த உடனே பிரிந்துவிடும். பலரும் "எனக்கு இது நிற்கவே இல்லை" என்று சொல்வது இந்தத் திசையைக் கவனிக்காததால். காற்றில் சிலும்பாது, சீட்டில் உரசினாலும் கலையாது, நாலு நிமிஷ வேலை.

மீன்வால் பின்னல் பார்க்கப் பிரமாதமாக இருக்கும், உங்கள் நீளத்துக்கு முக்கால் மணி பிடிக்கும். இரண்டு பாகம் பிரித்து, ஒவ்வொன்றின் வெளி ஓரத்திலிருந்தும் மெல்லிய இழை எடுத்து எதிர்ப் பாகத்தின் உள்ளே சேர்த்துக்கொண்டே போவது. இழை எல்லாம் ஒரே மெலிவாக இருந்தால்தான் மீன்முள் மாதிரி விழும். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

உச்சியிலிருந்து பக்கத்து முடியைச் சேர்த்துக்கொண்டே வரும் பிரெஞ்சுப் பின்னலுக்கு மூன்றுகால் நன்றாகப் பழகியிருக்க வேண்டும். கை தலைக்கு மேலே நிற்கும் என்பதால் வலியும் உண்டு. ஒரு காலை நடுவுக்குக் கொண்டுபோகும் முன் அந்தப் பக்கத்து முடியிலிருந்து ஒரு கொத்தைச் சுண்டுவிரலால் கீறி எடுத்து அதோடு சேர்த்துக்கொள்வது, அவ்வளவுதான் வித்தை. வால் சிக்குவது இதில் இரண்டு மடங்கு. மூன்று மாற்றுக்கு ஒரு தரம் உருவிவிடுங்கள்.

சடை நுனியில் நூலோடு சேர்த்துத் தொங்கவிடும் குஞ்சலத்தை இப்போது அன்றாடம் கட்டுகிறவர்கள் குறைவு, எனக்கு வருத்தம்தான். அது அலங்காரத்துக்கு மட்டும் கட்டுவதல்ல. சடை நுனிக்கு அது கொடுக்கும் பாரத்தில் சடை தொய்யாமல் நேராகத் தொங்கும். நுனி மெலிந்திருப்பதும் மறையும். கடைசி ஒரு சாண் இருக்கும்போது அதன் மூன்று நூலையும் மூன்று காலோடு சேர்த்துப் பின்னிவிட வேண்டும்.

ஈரத்தோடு பின்னக் கூடாது. நனைந்த முடி நீண்டு கொடுக்கும், பலம் குறைந்திருக்கும். இறுக்கிப் பின்னினால் காயும்போது அறுந்துபோகும். உள்ளே ஈரம் தங்கிவிட்டால் வாடையும் வரும், பொடுகும் சேரும். காலையில் நேரம் இல்லையென்றால் முந்தின நாள் சாயங்காலமே தலைக்குக் குளித்துவிடுங்கள். தூங்கும்போது விரித்துப் போடாமல் தளர்வாக ஒற்றைச் சடை போட்டுக்கொண்டு, அதைத் தலையணைக்கு மேலே எடுத்துப் போட்டுப் படுங்கள். வழவழப்பான துணியில் தலையணை உறை இருந்தால் காலையில் சிக்கு பாதியாகக் குறையும். 2011 டிசம்பர் 30 அன்று ‘தானே’ என்ற புயல் அடித்த பிறகு எங்கள் தெருவில் இரண்டு வாரத்துக்கு மேல் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடவில்லை, குடத்துத் தண்ணீரில் முழங்கால் அளவு நீண்ட முடியை அலச முடியாது. எண்ணெய் வைத்து, நாலுகாலாகப் பின்னி, இரண்டு நாளைக்கு ஒரு தரம் மட்டும் அவிழ்த்துச் சிக்கெடுத்துத் திரும்பப் பின்னினேன். ஒரு முடி அறுபடவில்லை. நீளமான முடிக்குப் பின்னலைவிட நல்ல பாதுகாப்பு கிடையாது என்று அப்போது கண்ணால் கண்டேன்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது சடையை முன்னால் எடுத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது துப்பட்டாவுக்குள் செருகிவிடுங்கள். உங்கள் நீளத்துக்குச் சடை சக்கரத்தில் மாட்டிக்கொள்ளும் அபாயம் நிஜமாகவே உண்டு. ஹெல்மெட் போடுவதானால் உச்சிக் கொண்டை வேண்டாம், பிடரிக்குக் கீழே தொடங்கும் சடைதான் சரி.

கடைசியாகக் கல்யாணத்துக்குப் பூ. திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் கோயில் மலைமேல் ஒரே நேரத்தில் எத்தனையோ கல்யாணம் நடக்கும். படியேறி இறங்கி, நெரிசலில் நின்று, சாப்பிட்டு வரும்வரை பூ நழுவாமல் இருக்க வேண்டும். சடை முழுக்கப் பூத் தைப்பதெல்லாம் தனக்குத் தானே செய்கிற காரியமில்லை, அது மணப்பெண்ணுக்கு இருக்கட்டும். உங்களுக்கு மூன்று முழம் மல்லிகை போதும். புதுச்சேரி பெரிய மார்க்கெட்டில் முதல் நாள் சாயங்காலம் மொட்டாக வாங்கி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காலையில் அது வாய் திறக்கும். நெருக்கமாகக் கட்டின சரமாகப் பாருங்கள், கலகலவென்று கட்டினது பாதி வழியில் உதிரும்.

அன்றைக்குப் பிடரியில் பேண்டு போட்டு அதற்குக் கீழே மூன்றுகாலோ நாலுகாலோ பின்னுங்கள். பூவை மூன்றாக மடியுங்கள். இரண்டு முனை நாரையும் சேர்த்துப் பேண்டுக்கு அடியில் செருகி ஒரு முடிச்சுப் போடுங்கள். பூவின் பாரம் அந்த முடிச்சில்தான் நிற்க வேண்டும், ஹேர்பின்னில் நிற்கக் கூடாது. அப்புறம் சடையின் இரண்டு பக்கமும் வழிகிற மாதிரி விரித்துவிட்டு, காதுக்குப் பின்னால் பக்கத்துக்கு ஒன்றாக ஹேர்பின் குத்துங்கள். பின் பூவின் காம்பில் படாமல் நாரைக் கவ்விக்கொண்டு முடிக்குள் போக வேண்டும். குத்தினதும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். பூ தலையோடு சேர்ந்து ஆடினால் சரி, தனியாக ஆடினால் இன்னொரு பின். வீட்டுக்கு வந்து எடுக்கும்போது பூவைப் பிடித்து இழுக்காமல், முதலில் பின்னை உருவி, அப்புறம் முடிச்சை அவிழ்த்து, அதற்குப் பிறகு பேண்டைக் கழற்றுங்கள். வாழைநார் காய்ந்ததும் முடியோடு ஒட்டிக்கொண்டிருக்கும், இரண்டு சொட்டு எண்ணெய் விட்டால் வலிக்காமல் வந்துவிடும்.